அடுத்தவர் தப்பும் நம்ம மோட்டாரும்

நண்பர்களே, ஒரு ரூமில் ஷார்ட் ஆனால் அந்த ரூம் ஃப்யூஸ்தான் போகவேண்டும். தெருவே இருட்டாகக் கூடாது. முதலாண்டிலேயே படித்த பாடம். ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தால் மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் ப்ராஜெக்ட், ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் கண்ட்ரோலர். மெயின் ப்ரோகிராம் சி மொழியில். எப்போது போடணும், எப்போது நிறுத்தணும் என்ற விதிகளை மட்டும் தனி ஸ்கிரிப்டாக வைத்தோம். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அண்ணனே மாற்றிக்கொள்ளலாம், மறுபடி கம்பைல் செய்யவேண்டாம் அல்லவா? ஸ்கிரிப்டை ஓட்ட, லுவா இன்டர்பிரட்டரை உள்ளே வைத்தோம். 1993-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் உருவாக்கிய மொழி அது. இன்னொரு ப்ரோகிராமுக்குள் குடியிருப்பதில் கெட்டிக்காரன்.

குடியிருப்பவர் வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? ஸ்கிரிப்டை 'லுவா_கால்' என்று சும்மா கூப்பிட்டு, உள்ளே வந்த பிழையைப் பிடிக்க யாருமில்லை என்றால், லுவா 'பேனிக்' ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்க்கும், அப்புறம் அபார்ட். நம்ம சி ப்ரோகிராமே காலி! கடைசியாக ஆன் செய்த ரிலே அப்படியே நிற்கும். தொட்டி வழியும், கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் போச்சு. ஒரு ஸ்பெல்லிங் தப்புக்கு இவ்வளவு தண்டனையா?

அதற்குத்தான் 'லுவா_பிகால்' இருக்கிறது. இதில் பிழை வந்தாலும் ப்ரோகிராம் சாகாது, ஒரு எண் திரும்பி வரும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 2 என்றால் ஓடும்போது பிழை. 4 என்றால் மெமரி போதவில்லை. என்ன பிழை என்ற செய்தி ஸ்டாக்கின் உச்சியில் இருக்கும். இலக்கணப் பிழையோ அதற்கும் முன்னால், லோட் செய்யும்போதே 3 என்று வந்துவிடும். ஆகவே லோடையும் சோதிக்கணும்.

பிகால் எல்லாவற்றையும் காப்பாற்றாது. முடியாமல் சுற்றும் லூப் பிழையே அல்ல. அதைப் பிடிக்க, இத்தனை கட்டளைக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் 'ஹூக்' வேறு வைக்கணும். பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற தடம் வேண்டுமென்றால் பிகாலுக்கே ஒரு ஹேண்ட்லர் கொடுக்கணும். திரும்பி வந்தபின் கேட்டால் ஸ்டாக் கலைந்திருக்கும்.

எங்கள் பேட்ச்சில் பெரிய சண்டை வந்தது இதிலெல்லாம் இல்லை. "பிழை வந்தா கண்டுக்காம விடுடா. டெமோவுல எக்ஸ்டர்னலுக்குத் தெரியவா போகுது?" என்றான் ஒருவன். "தொட்டி வழிஞ்சா தெரியுமேடா!" என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் முடிவு இதுதான்: பிழை வந்தால் முதலில் மோட்டாரை நிறுத்து, அப்புறம் செய்தியை வரி எண்ணோடு டிஸ்ப்ளேயில் காட்டு.

அண்ணன் முதல்முறை ஸ்கிரிப்டை மாற்றியபோது ஒரு பெயரில் எழுத்து விட்டுப்போனது. மோட்டார் நின்றது, ப்ரோகிராம் நிற்கவில்லை. "ஏழாவது வரின்னு சொல்லுது தம்பி" என்றவர், எங்களைக் கூப்பிடாமல் தானே திருத்திவிட்டார்.

பிழையை விழுங்கியிருந்தால் அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருப்பார். ஆகையால் நண்பர்களே, அடுத்தவர் எழுதுவதை நம்ம ப்ரோகிராமுக்குள் ஓடவிட்டால், அவர் தப்பைத் தாங்குவதோடு, எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்வதும் நம்ம வேலைதான்.