சேய்மையும் அண்மையும்

தொழில் செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்றாய் இருத்தலே பண்டைநாள் வழக்கம். உழவர் வயலருகே வாழ்ந்தனர். மீனவர் கரையருகே வாழ்ந்தனர். ஆசிரியர் இல்லமே பள்ளியாய் விளங்கிற்று. பின்னர் ஆலைகளும் அலுவலகங்களும் பெருகவே, மக்கள் பணியைத் தேடிச் சென்று அதன் அருகே குடியேறினர். இக்காலத்திலோ, ஓரிடத்தில் வாழ்ந்துகொண்டு தொலைவிலுள்ள மற்றோர் இடத்தின் பணியைச் செய்யும் முறை பரவி வருகிறது. கணிப்பொறியும் இணையமும் அதற்கு வழி வகுத்தன. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகை வாட்டியபொழுது, கரீபியக் கடலருகே உள்ள பார்படோஸ் என்னும் தீவுநாடு, பிற நாட்டார் தம் நாட்டுப் பணியைச் செய்துகொண்டே ஓராண்டுக் காலம் அங்குத் தங்கலாம் என இசைவு வழங்கிற்று. அதனையொட்டி அப்பகுதியிலுள்ள வேறு சில தீவுகளும் அவ்வாறே அழைப்பு விடுத்தன.

இத்தகைய வாழ்க்கையின் இயல்பை நேரில் அறியும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது. கரீபியக் கடலின் வடகிழக்கு மூலையில் சேபா என்னும் சிறு தீவு ஒன்று உண்டு. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் என் மகள் ஆசிரியப் பணி ஏற்றாள். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த யான் அவளுடன் ஓராண்டு சென்று தங்கினேன். ஆயினும் என் கடமைகள் என்னை விட்டபாடில்லை. சென்னையில் அச்சாகிக்கொண்டிருந்த இலக்கண உரைநூல் ஒன்றிற்கு மெய்ப்புத் திருத்தும் பொறுப்பும், மாணவர் எண்மருக்கு யாப்பிலக்கணம் பயிற்றும் பொறுப்பும் என்னுடன் கடல் கடந்து வந்தன.

சேபாவின் பரப்பு 13 சதுரக் கிலோமீட்டரே. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ இரண்டாயிரவர். 2010ஆம் ஆண்டு முதல் அது நெதர்லாந்து நாட்டின் நேரடி ஆட்சியில் அடங்கிய தனி நகராட்சியாக உள்ளது. எனினும் மக்கள் நாள்தோறும் வழங்கும் மொழி ஆங்கிலமே. கடலினின்று எழுந்த எரிமலை ஒன்றே அத்தீவு. அதன் முடி ஏறத்தாழ 870 மீட்டர் உயர்ந்து, பெரும்பாலும் முகில் போர்த்து நிற்கும். நெய்தலின் நடுவே குறிஞ்சி நிமிர்ந்து நிற்பது போன்ற அதன் தோற்றத்தைக் கண்டபொழுது, திணைமயக்கம் என்று யான் மாணவர்க்குக் கூறிவந்த செய்தி கண்முன் உருப்பெற்றது போலிருந்தது. அங்கே நிலையான மணற்கரை இல்லை, ஆறும் இல்லை. வெண்சுவரும் செங்கூரையும் பச்சைச் சாளரமும் உடைய சிறு வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. வானூர்தி இறங்கும் பாதையின் நீளம் 400 மீட்டர் அளவினதே. அதன் இரு முனையிலும் கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகள் உள்ளன.

தமிழகத்துக்கும் சேபாவுக்கும் இடையே ஒன்பதரை மணி நேர வேறுபாடு உண்டு. தமிழகத்தில் மாலை 6 மணிக்கு என் மாணவர் ஏடு விரிக்கும்போது, சேபாவில் காலை 8.30 மணி. யான் காலைக் கதிரின் ஒளியில் அமர்ந்து, மாலை விளக்கின் முன் இருப்போர்க்கு வெண்பாவின் தளை கூறுவேன். பாடம் முடிந்தபின் மெய்ப்புத் தாள்கள் கணிப்பொறித் திரையில் விரியும். யான் திருத்தி அனுப்பியவை சென்னையில் உள்ளோர் துயிலெழுமுன் அவர்தம் மேசையை அடைந்திருக்கும்.

இது முற்றிலும் இக்காலப் புதுமை என்றே பலரும் கருதுவர். ஆனால் சேபாவின் வரலாறு வேறு செய்தியைக் கூறுகிறது. அத்தீவின் ஆடவர் பெரும்பாலும் கடலோடிகள். திங்கள் பலவாய் வீடு திரும்பார். இல்லத்தைக் காக்கும் பொறுப்பு மகளிர்மேல் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேரி கெர்ட்ரூட் என்னும் பெண்மணி, வெனிசுவேலா நாட்டுக் கராகஸ் நகரின் கன்னிமாடப் பள்ளியில் தாம் கற்ற பூவேலையை ஊருக்குக் கொணர்ந்தார். துணியின் இழைகள் சிலவற்றை உருவி நீக்கி, எஞ்சிய இழைகளை ஊசியால் முடிந்து மலரும் கொடியுமாக ஆக்குவது அக்கலை. ஊரார் அதனைக் கற்றனர். ஆயின் விற்பது எங்ஙனம்? கடைத்தெருவோ சிறியது, வந்து செல்லும் கப்பலோ அரிது.

அம்மகளிர் அயர்ந்திலர். அமெரிக்காவினின்று வந்த சரக்குப் பொதிகளில் குறித்திருந்த நிறுவன முகவரிகளைப் பார்த்தெழுதி, அங்குப் பணிபுரிந்தோர்க்குக் கடிதம் விடுத்தனர். மறுமொழி வந்தது, விலைக்கு வேண்டுகோளும் வந்தது. 1928ஆம் ஆண்டளவில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15,000 டாலர் மதிப்புள்ள பூவேலைகள் அச்சிறு தீவினின்று அஞ்சலில் சென்றன. இணையம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் பணியைச் செய்தவர் அவர்.

தொலைவிலிருந்து தொழில் பெற்றது போன்றே, தொலைவிலிருந்து கல்வியும் பெற்றது அத்தீவு. முற்காலத்தில் கரையிறங்கிய பொருளெல்லாம் தலைச்சுமையாகவே மலையேறின. அதன் பொருட்டுப் பாறையிற் செதுக்கிய 800 படிகள் இன்றும் உள்ளன. இம்மலையில் சாலை அமைத்தல் ஒல்லாது எனப் பொறியியலார் கைவிரித்தனர். அவ்வூரினராகிய லாம்பர்ட் ஹாசல் என்பார் அதனை ஒப்பவில்லை. அவர் அஞ்சல்வழிக் கல்வியால் சாலையமைக்கும் முறையைக் கற்று, ஊராரைத் துணைக்கொண்டு பணி தொடங்கினார். 1943ஆம் ஆண்டில் சாலையின் முதற்பகுதி முடிந்தது. 1958ஆம் ஆண்டில் சாலை முழுமை பெற்றது. அஞ்சல் கொணர்ந்தது அறிவு. கல் சுமந்தது அயலார் தோள். இவ்விரண்டும் கூடாதிருப்பின் அச்சாலை ஏது?

எங்கள் அடுத்த வீட்டில் எண்பது கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவர் பூவேலை வல்லவர். ஒருநாள், மாலை முழுதும் முடிந்த இழைகளை அவர் பிரித்துக்கொண்டிருக்கக் கண்டு காரணம் வினவினேன். "ஓர் இழை பிறழ்ந்துவிட்டது" என்றார். யான் உற்று நோக்கியும் அப்பிழை எனக்குப் புலப்படவில்லை. "இதனை யார் அறியப் போகிறார், அம்மா?" என்றேன். அவர் புன்முறுவல் பூத்து, "ஆசிரியரே! வாங்குவோர் என் முகத்தைக் கண்டதில்லை. அவர் அறிந்த முகம் இத்துணி ஒன்றே" என்றார். அன்றிரவு மெய்ப்புத் தாள்களை முன்னினும் மெல்லப் படித்தேன். மேற்பார்ப்பார் எவரும் இல்லாத இடத்தில், செய்பவன் உள்ளமே மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதை எந்நூலும் அவ்வளவு தெளிவாக எனக்குக் கூறியதில்லை.

ஆயின் தொலைவுப் பணியில் ஓர் இடர் உண்டு. உடல் ஓரிடத்தும் உள்ளம் ஓரிடத்தும் இருத்தலால், வாழும் ஊரை வெறும் தங்குவிடுதியாகக் கருதும் எண்ணம் எளிதில் வந்துவிடும். வெளிநாட்டுப் பொருளுடன் வருவோர் கேட்ட வாடகையைக் கொடுப்பர். அவ்வூர் இளைஞரோ குடியிருக்க வீடின்றி வருந்துவர். வந்தவர் உண்ணும் நீரும் அவ்வூர் நீரே. ஆறில்லாத சேபாவில், கூரையில் வீழும் மழையே ஒவ்வொரு வீட்டின் நீர்த்தொட்டியிலும் சேர்ந்து உயிர் காக்கிறது. அத்தொட்டியில் நீர் தாழும் நாளில், தொலைவிலுள்ள எந்த நிறுவனமும் ஒரு குடம் நீர் தாராது.

இதனை யான் உணர்ந்தது ஒரு சூறாவளி எச்சரிக்கையின்போது. அக்கடலில் சூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். 2017ஆம் ஆண்டின் கொடிய இர்மா சூறாவளி அத்தீவின் கூரைகளைப் பிரித்தெறிந்த நினைவு மக்கள் உள்ளத்தில் இன்னும் மாறவில்லை. எச்சரிக்கை வந்த அன்று, யாரும் அழையாமலே அயலார் இருவர் பலகையும் ஆணியும் கொண்டு வந்து எங்கள் சாளரங்களை அடைத்தனர். யானும் என் மகளும் மூதாட்டியின் வீட்டுப் பொருள்களை உயரத்தில் ஏற்றி வைத்தோம். இரவில் மின்விளக்கு அவிந்தது, இணையமும் அறுந்தது. சென்னையும் என் மாணவரும் ஒரு நொடியில் எட்டாத் தொலைவினர் ஆயினர். எஞ்சியிருந்தது மெழுகுத்திரியின் ஒளியும், அதனைச் சூழ்ந்திருந்த அயலார் முகங்களுமே. நற்பேறாகச் சூறாவளி விலகிச் சென்றது. பெருமழை மட்டும் பெய்தது. மறுநாள் யாங்கள் அனைவரும் கூடி, இலையும் சருகும் அடைத்திருந்த கூரைக் குழாய்களைத் துப்புரவு செய்தோம். தொட்டிகளில் நீர் விழும் ஓசை இனிதாய் ஒலித்தது.

மாணவர்களே! நாளை நீங்கள் செய்யப்போகும் பணி எந்நாட்டிலிருந்து வருமென்று இன்று எவராலும் கூற இயலாது. அதனை வீட்டிலிருந்தே செய்யலாம்; மலைமேலிருந்தும் செய்யலாம்; கடல் சூழ்ந்த தீவிலிருந்தும் செய்யலாம். எங்கிருந்து செய்யினும் கடன்கள் இரண்டு. சேய்மையில் உள்ளாரை நீங்கள் காணாவிடினும், அவர்க்குச் செய்யும் பணியில் பிழை நேராமல் காத்தல் ஒன்று. அண்மையில் உள்ளாரை நாள்தோறும் கண்டு, அவர்தம் இன்பதுன்பங்களில் பங்குகொள்ளுதல் மற்றொன்று. முன்னது இல்லையேல் பணி நிலையாது. பின்னது இல்லையேல் வாழ்வு நிலையாது. சேபாவின் மகளிர் நுண்ணிழைகளை முடிந்து பூவாக்கியது போல, இவ்விரண்டு கடன்களையும் பிணைத்து வாழக் கற்றுக்கொள்வீர்களாக.