மங்கில் நிறைந்த மழை

கவிதை எழுதப் புகுவோர்க்கு இயற்கை எப்போதும் கைகொடுக்கும் என்பர். ஆயினும், மலேசியத் தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் எழுதிய பாட்டுகளைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழும். காலைப் பொழுதைப் பாடு என்றால், கதிரவன் கடலினின்று எழுகிறான், தாமரை இதழ் விரிக்கிறது, குயில் கூவுகிறது. பாடிய சிறுவனோ கடலைக் கண்டறியாதவன். அவன் வீட்டு வாயிலில் நிற்பது பால்மரம். விடியுமுன் அவன் செவியில் விழுவது பெரட்டுக்கு அழைக்கும் ஒலி. அவனுக்குக் கைகொடுத்தது இயற்கையன்று, மனப்பாடம்.

இதற்குத் தமிழ் மரபைப் பழிப்பது பொருந்தாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். 'பல்வகைப் பூக்கள்' என்று இரண்டு சொல்லில் அவர் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. அத்தனையும் ஒரே மலையில் ஒரே பருவத்தில் பூப்பனவா என்று தாவர நூலார் கேட்கலாம், கேட்கட்டும். ஒவ்வொரு பூவுக்கும் அதற்குரிய பெயரைத் தர வேண்டும் என்று ஒரு புலவர் எண்ணினாரே, அதுதான் போற்றத்தக்கது.

ஜப்பானிலும் பிற்காலத்தில் இத்தகைய மனப்பாட நோய் பரவியிருந்தது. அதைத் தீர்க்க முனைந்தவர் மாசவோக்கா ஷிக்கி (1867-1902). ஓவியர்கள் கண்முன் உள்ளதை உள்ளவாறு வரைந்து பழகுவதுபோல் கவிஞரும் பழக வேண்டும் என்றார் அவர். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் இறுதி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். அவர் கண்ணுக்கு எட்டிய உலகம் ஒரு சிறு தோட்டமே. இறப்பதற்குச் சற்று முன் அவர் எழுதிய மூன்று கவிதைகளும், அங்கே படர்ந்திருந்த பீர்க்கங்கொடியைப் பற்றியவை. அக்கொடியின் நீரைச் சளிக்கு மருந்தாகக் கொள்வது அந்நாட்டு வழக்கம். அவருடைய பீர்க்கு அழகுக்காக வந்ததன்று. அவருடைய மூச்சோடு தொடர்புடையது. ஜப்பானியரின் இக்குறுங்கவிதைகளைப் பற்றிப் பாரதியார் 1916இல் 'சுதேசமித்திர'னில் எழுதித் தமிழர்க்கு அறிமுகம் செய்தார்.

நிழற்படக் கருவிக்கு மனப்பாடம் தெரியாது. இல்லாத தாமரையை அது எடுப்பதில்லை. எழுபதுகளில் தோட்டப் பள்ளியொன்றில் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் இதை உணர்ந்து, கைமாறி வந்த பழைய கருவியொன்றை வகுப்புக்குக் கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளைப் படச்சுருள். ஒரு சுருளில் 12 படங்கள் மட்டுமே. சுருளுக்கும் கழுவுவதற்கும் அவரே பணம் கொடுத்தார். ஆகவே வீணாக ஒன்றைக்கூட எடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. இருவருக்கு ஒரு படம். எதை எடுப்பது என்று தீர்மானிக்குமுன் அதை மூன்று நாள் பார்த்துவிட்டு வர வேண்டும். இதுவே அவர் வைத்த விதி. கலைக்கு வறுமை செய்த உதவி என்று இதைச் சொன்னால் தவறாகாது.

முதற்சுருள் இலையுதிர் காலத்தில் எடுக்கப்பட்டது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மர இலைகள் செம்மையும் மஞ்சளும் கலந்து பழுத்து உதிரும். நிரைக்கு நிரை தரையெங்கும் சருகு. மாணவர் பலர் அந்தச் சிவப்பையே எடுத்தனர். நகரத்திலிருந்து படங்கள் வந்தபோது அங்கே சிவப்பு இல்லை, எல்லாம் சாம்பல். பிள்ளைகளின் முகம் வாடியது. ஆசிரியர் மட்டும் மகிழ்ந்தார். "படத்தில் வராமற் போனது எதுவோ, அதை எழுதுங்கள்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடத்திட்டமே அடங்கியிருந்தது. மற்றொரு சுருளில் பால்மரக் காய் வந்தது. மூன்று அறைகள் கொண்ட காய் வெயிலில் முற்றி 'படார்' என வெடித்து, புள்ளி புள்ளியான விதைகளைத் தெறிக்கும். படத்தில் காய் இருந்தது, ஓசை இல்லை. விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி நண்பன் கையில் வைத்துவிட்டு ஓடும் குறும்பும் இல்லை. அவையிரண்டும் எழுத்தில் வந்தன. அக்கட்டுரைகளில் எந்தக் குயிலும் கூவவில்லை.

மரம் சீவும் தாய் ஒருத்தியின் மகள், மழைக்காலத்தில் ஒரு மங்கைப் படமெடுக்கச் சொன்னாள். பால் ஏந்த மரத்தில் கட்டிய அந்தச் சிறு கிண்ணத்தில் மழைநீர் விளிம்புவரை நின்றது. மேலே ஓர் இலை மிதந்தது. பார்ப்போர்க்கு அது மிக அழகிய படம். ஆனால் பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. சீவினாலும் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். சீவிய பின் மழை பிடித்துக்கொண்டாலோ, மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு கலந்து தரையிற் போகும். காலை மழை என்பது லயத்து வீடுகளில் கூலி குறைந்த நாள். அச்சிறுமி படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினாள்:

மங்கு நிறைந்தது
மழையால்.
அம்மா வெறுங்கையோடு
வீடு வந்தாள்.

பள்ளி மலருக்கு அதை அனுப்பி வைத்தார் ஆசிரியர். எதுகையும் மோனையும் அமையவில்லை என்று மலர்க்குழுவினர் திருப்பிவிட்டனர். மலரில் வெளிவந்தது வேறொரு பாட்டு. அதில் கடலும் இருந்தது, தாமரையும் இருந்தது. திருத்தித் தரும்படி கேட்டவர்களிடம், "இதில் திருத்த என்ன இருக்கிறது?" என்று மட்டும் அவர் கேட்டார் என்பர். யாப்புக் கற்பித்தலில் கண்டிப்பானவர் அவர். ஆயினும் அந்த நான்கு வரியில் கை வைக்க மறுத்துவிட்டார்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் ஒரு நாளில் நூறு படம் எடுக்கின்றனர். எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. குறை கருவியில் இல்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு வா என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவே. அந்தத் தோட்டத்திலும் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. அச்சிறுமியின் படம் ஆசிரியரின் பழைய ஏடொன்றில் இன்றும் இருக்கிறது. எழுத்து சற்று மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. செம்பனை மட்டைகளின் நுனியில் தூக்கணாங்குருவிகள் கூடு தொங்கவிட்டிருக்கின்றன. பள்ளி முடிந்து அவ்வழியே வரும் பிள்ளைகளில் ஓரிருவர் நின்று அண்ணாந்து பார்க்கின்றனர்.