ஒட்டிக்கொள்ளும் கொட்டாவி

நேற்று இரவு ஏழு வயதுப் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு கொட்டாவி. வழக்கம்போல வாய்க்கு நேரே சொடக்குப் போட்டு, "சிவ சிவா" என்றேன். உடனே அவனும் வாயைப் பிளந்தான்.

"தாத்தா, உங்க கொட்டாவி எனக்கு எப்படி ஒட்டிக்கிச்சு?"

ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் கொட்டாவி வரும் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். தேடிப் படித்தால், அது சரியில்லையாம். ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைச் சுத்தமான ஆக்சிஜனையும், கரியமில வாயு மிகுந்த காற்றையும் சுவாசிக்க வைத்துப் பார்த்தார். கொட்டாவி கூடவுமில்லை, குறையவுமில்லை. மூளையின் சூட்டைத் தணிக்கத்தான் கொட்டாவி என்கிறார்கள் சிலர். அசதியை உதறி விழிக்கச் செய்ய என்கிறார்கள் வேறு சிலர். கருவிலிருக்கும் சிசுகூடக் கொட்டாவி விடுகிறது. ஆனால் பிறரைப் பார்த்து விடுவது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்கு மேல்தான்.

2011இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு என்னை நிறுத்திவிட்டது. முன்பின் தெரியாதவரைவிட நண்பரிடமிருந்தும், நண்பரைவிடச் சொந்தபந்தத்திடமிருந்தும் கொட்டாவி அதிகம் தொற்றுகிறதாம்.

அம்மா நினைவு வந்துவிட்டது. 1969, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நேரம். அரிக்கேன் விளக்கின் இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் புளிக்குக் கொட்டை எடுத்தபடி அம்மா. எழுத்து வாசனை இல்லாதவள். ஆனாலும் நான் புத்தகத்தை மூடும்வரை படுக்கமாட்டாள். மணி பத்தைத் தாண்டினால் அவளுக்குக் கொட்டாவி வரும். பின்னாலேயே எனக்கும்.

ஒருநாள் எரிந்து விழுந்தேன். "உன்னாலதான் எனக்குத் தூக்கம் வருது. போய்ப் படும்மா!"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எனக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத சுவரோரம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் முந்தானை வாயில் இருந்தது. புளியங்கொட்டை முறத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பாஸானேன். அந்த வார்த்தைக்காக அவளிடம் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. அவள் போய் இருபத்திரண்டு வருஷமாகிறது.

பேரனிடம், "ரொம்பப் பிடிச்சவங்ககிட்டேருந்து சீக்கிரம் ஒட்டிக்கும்டா" என்று மட்டும் சொன்னேன். பாதிக் கதையிலேயே தூங்கிவிட்டான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒன்றிரண்டு வந்திருக்கும். என் எழுத்தைக் குறை சொல்லாதீர்கள். நெருக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறேன்.