பால் சொசைட்டிக்கு, வரக்காப்பி எனக்கு!

இரண்டு வருஷத்துக்கு முந்திய மார்கழி மாதம். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். வாசலும் வேப்பமரமும் ஒன்றாகச் சுழன்றன. திண்ணைத் தூணைப் பிடித்திராவிட்டால் கோலத்தின் மேலேயே விழுந்திருப்பேன்.

கிறுகிறுப்பு எனக்குப் புதிதல்ல. ஆறேழு மாதமாகவே உடம்பில் ஒரே அசதி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலிருக்கும். "நாப்பத்தஞ்சு வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மாமியாருக்குத்தான் பொறுக்காது. "ஏனம்மிணி, வெளக்கு வெக்கற நேரத்துல படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா?" என்பார். எனக்கு அழுகைதான் வரும்.

ரத்தச் சோகையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, பொள்ளாச்சியில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் கலந்த டானிக் வாங்கி மூன்று மாதம் குடித்தேன். தினமும் முருங்கைக்கீரை வேறு. முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் கால் மரத்துப்போவது கூடிக்கொண்டே வந்தது. செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தேன் என்றால் பாருங்களேன்!

பயந்துபோய் கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவு 118 என்று வந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவுதானாம்.

"கீரையும் பருப்பும் நல்லதுதான். ஆனா இந்தச் சத்து அதுல இல்லீங்க. பால், தயிர், முட்டை, மீன், கறி, இதுகள்லதான் இருக்கு" என்றார்.

"நாங்க சைவமுங்க."

"மாடு இருக்குதுங்களா?"

"மூணு இருக்குதுங்க. பாலைச் சொசைட்டிக்கு ஊத்திப்போடறேனுங்க. மிச்சம் மாமியாருக்கும் பையனுக்கும்."

"உங்களுக்கு?"

"வரக்காப்பிங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா, கர்ப்பிணிகளின் சோகையை ஆராய பம்பாய்க்கு வந்தவர். 1929-ல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தாராம். ஈஸ்ட் சத்தினால் அந்தச் சோகை குணமாவதை அவர் 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள்தான் போலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. பி12-ஐ 1948-ல்தான் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ரத்தம் ஊறத் தேவை. ஆனால் பி12 குறைந்தவர்கள் போலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறினாற்போல் காட்டும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். என் டானிக் செய்த வேலை அதுதான்!

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. இரண்டே வாரத்தில் அசதி விலகத் தொடங்கியது. கால் சரியாக ஆறு மாதம் பிடித்தது. இடது கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது. முன்னமே போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இந்தச் சத்து குறையலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். மாமியார் பத்து வருஷமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர். அவரையும் பரிசோதிக்க வைத்தேன். அவருக்கும் குறைவுதான்! "நானும் அசந்துதான் கெடந்தேன் அம்மிணி, சொல்லத்தான் இல்லை" என்றார்.

இப்போது பால் கறந்ததும் இரண்டு டம்ளரை அவரே எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைச் சொசைட்டிக்கு அனுப்புகிறார்.

சகோதரிகளே, அசதியும் கிறுகிறுப்பும் சோம்பேறித்தனமல்ல. நீங்களாக டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.