வெடிச் சத்தம் கேட்காத ஊர்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுதுபோக்கு பறவை பார்ப்பதுதான். கழுத்தில் பைனாகுலரோடு கிளம்பினால், 'அப்பா காக்கா பார்க்கப் போறாரு' என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், சென்னையில் இருந்து வந்திருந்த பேரனையும் அழைத்துக்கொண்டு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன்.

மதுரையில் இருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் இருந்து பிரிந்து போனால் கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தை குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் உட்கார்ந்திருந்தன.

பேரனுக்கு அதில் மனசு போகவில்லை. பாக்கெட்டில் இருந்து ஒரு வெடியை எடுத்தான். கரையில் நின்ற ஊர்ப் பையன் ஓடி வந்தான்.

"தம்பி, இங்க வெடி போட மாட்டோம். பறவை பயந்துரும்."

"தீபாவளிக்குக் கூடவா?"

"கல்யாணத்துக்கும் போட மாட்டோம். எங்க தாத்தா காலத்துல இருந்தே இப்படித்தான்."

"உனக்கு ஆசையா இருக்காதா?"

கொஞ்சம் யோசித்தான். "இருக்கும். ஆனா அதுங்க வராமப் போயிட்டா ஊரே வெறிச்சுன்னு ஆயிடுமே!"

பேரன் வெடியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மதுரையில் வழக்கம் போல வெடித்தான். நானும் தடுக்கவில்லை. இரவு படுக்கும்போது கேட்டான்: "தாத்தா, இந்தச் சத்தம் அங்க கேக்குமா?"

"கேக்காதுடா, ரொம்ப தூரம்."

பொங்கல் லீவுக்கு வந்தவன் முதலில் தேடியது என் பைனாகுலரைத்தான். இப்போது காக்கா பார்க்க நாங்கள் இரண்டு பேர்!