ரன்னரா, பல்லா?



பொங்கலுக்கு முந்தி வீட்டை ஒதுங்க வைக்கிற வேலை எல்லார் வீட்டுலயும் நடந்திருக்கும். காப்புக் கட்டுறதுக்காக வேப்பிலை, பூலாப்பூ, ஆவாரம்பூ பறிக்க நான் காட்டுப்பக்கம் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள வீட்டுக்காரம்மா பரண்ல கிடந்ததை எல்லாம் வாசல்ல இறக்கிட்டாங்க. அதுல மூணு பை. ஒன்னு பையன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனது. ஒன்னு ஊருக்குப் போற பெரிய பை. இன்னொன்னு பத்திரம், பாஸ்புக் வைக்கிற ரெக்சின் பை. துணி கிழியல, வாரும் அறுந்து போகல.

"ஜிப்பு போச்சுங்க, இதை வச்சு என்ன பண்றது?"ன்னு எரிக்கிற குப்பையோட சேர்த்துட்டாங்க. நான் மூணையும் திரும்ப எடுத்துத் திண்ணையில வச்சேன். "ஆரம்பிச்சுட்டாரு"ன்னு ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்குக் காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

ஜிப்புல மூணே சங்கதிதான். ரெண்டு பக்கமும் பல்லு, பல்லைத் தாங்குற துணிப்பட்டை, மேல ஓடுற ரன்னர். ரன்னரைத் திருப்பிப் பாருங்க. ஒரு பக்கம் ரெண்டு வழி, மறுபக்கம் ஒரே வழி. ரெண்டு வாய்க்கால் சேர்ந்து ஒன்னா ஓடுற இடம் மாதிரி. ரெண்டு வழியா வர்ற பல்லை உள்ள நெருக்கிக் கோத்து, ஒரே வழியா வெளிய விடும். திறக்குறப்போ நடுவுல இருக்கிற ஆப்பு, கோத்த பல்லைப் பிரிச்சு விடும். அவ்வளவுதான் வித்தை.

தினமும் இழுத்து இழுத்து ரன்னரோட வாய் அகலமாயிடும். அப்புறம் பல்லு நெருங்காது. நீங்க மூடிக்கிட்டே போவீங்க, பின்னாடியே திறந்துக்கிட்டே வரும். நாம "ஜிப்பு போச்சு"ன்னு பையைத் தூக்கிப் போடுறோம். போனது ஜிப்பு இல்ல, ரன்னர்.

ரன்னரா பல்லான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நாலஞ்சு தடவை மெதுவா மூடிப் பாருங்க. ரன்னர் போற இடமெல்லாம் பின்னாடியே திறந்தா பெரும்பாலும் ரன்னர் மேலதான் குத்தம். எத்தனை தடவை மூடினாலும் ஒரே இடத்துல வாயைப் பிளந்தா, அந்த இடத்துல பல்லு போயிருக்கு, இல்லன்னா பல்லு பட்டையை விட்டுக் கழண்டிருக்கு. ரன்னர் போனா ரன்னரை மாத்தலாம். நடுவுல பல்லு போச்சுன்னா முழு ஜிப்பையும் மாத்தணும், வேற வழியில்ல. உடைஞ்ச பல்லு அடிக்கோடியில இருந்தா மட்டும் அதுக்குக் கொஞ்சம் மேலயே நூலால இறுக்கித் தச்சு, மிச்சத்தை வச்சு ஓட்டிக்கலாம்.

ரன்னர் மாத்துறது கஷ்டமில்ல. ஜிப்பு முடியுற ஓரத்துல தையலைக் கொஞ்சம் பிரிச்சு, பழைய ரன்னரை உருவி எடுங்க. அதோட முதுகுல 3, 5, 8னு ஒரு நம்பர் பெரும்பாலும் இருக்கும். கடையில அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க. பல்லு இரும்பா, பிளாஸ்டிக்கா, சுருள் மாதிரி நைலானான்னும் சொல்லணும். ஒன்னோட ரன்னர் இன்னொன்னுக்குச் சேராது. ரெண்டு பட்டையையும் ஏத்த இறக்கம் இல்லாம ஒரே அளவுல உள்ள நுழைச்சு இழுத்துட்டு, பிரிச்ச இடத்தை மறுபடி தச்சுடுங்க. சாக்கு தைக்கிற கோணூசி வேண்டாம், துணியைக் கிழிச்சிடும். சாதா ஊசியில நூலை நாலு மடிப்பாக் கோத்தாப் போதும்.

கட்டிங் பிளேயரை வச்சு ரன்னரோட ஒத்தை வழிப் பக்கம் ரெண்டு ஓரத்தையும் லேசா அமுக்கி விடுறதும் உண்டு. உடனே வேலை செய்யும். ஆனா அது நாள் கணக்குக்குத்தான். தேஞ்சது தேஞ்சதுதான், மறுபடி விரியும். பலமா அமுக்கினா ரன்னரே விண்டு போகும்.

எங்க அண்ணன் மகன் பட்டாளத்துல இருக்கான். லீவுக்கு வந்தவன் பூட்ஸைக் காட்டி, "சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னான். பக்கவாட்டுல ஜிப்பு வச்ச பூட்ஸ். கணுக்கால் மடியுற இடத்துல வந்து ரன்னர் நின்னுடுது. அவன் மூச்சைப் பிடிச்சு இழுக்குறான். "இழுக்காதடா, பல்லு போயிரும்"னு பிடுங்கி வச்சுக்கிட்டேன். பல்லுக்கு நடுவுல பூரா மண்ணு. பழைய பல்லு விளக்குற பிரஷ்ஷால தேய்ச்சு, ஈரத்துணியால துடைச்சுக் காய விட்டு, மெழுகுவத்தியை மேலயும் கீழயும் நாலு தேய். வழுக்கிக்கிட்டுப் போகுது. பூட்ஸுக்கு ஜிப்பு மாத்துறதுன்னா தோல் தையலைப் பிரிச்சு மறுபடி அடிக்கணும், கூலி அதிகம். அதனால பூட்ஸ்ல ரிப்பேரை விடச் சுத்தம்தான் முக்கியம். சேத்துல நடந்துட்டு வந்தா முதல்ல ஜிப்பைக் கழுவுங்க.

பூட்ஸுக்கும் ஜிப்புக்கும் பழைய உறவாம், பையன் போன்ல தேடிப் படிச்சுக் காட்டினான். இன்னைக்கு இருக்கிற மாதிரி ஜிப்பை 1913ல அமெரிக்காவுல கிதியோன் சண்ட்பேக்குன்னு ஒரு என்ஜினீயர் செஞ்சிருக்காரு, சுவீடன்ல பிறந்தவரு. 1923ல குட்ரிச்ங்கிற ரப்பர் கம்பெனி அதை மழைக்கும் சேத்துக்கும் போடுற ரப்பர் பூட்ஸ்ல வச்சு, அந்தப் பூட்ஸுக்கு 'ஜிப்பர்'னு பேர் போட்டிருக்கு. பூட்ஸோட பேருதான் அப்புறம் இதுக்கே நிலைச்சுப் போச்சு. எங்க அப்பாவுக்கு இந்தத் தொல்லையே இல்ல. டிரங்குப் பெட்டியும் மஞ்சப்பையும்தான். ரெண்டுலயும் ரன்னர் கிடையாது.

இப்ப அந்தப் பார்வைக்கு வர்றேன்.

மகளை நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர்ல சேர்த்த வருஷம். தக்காளி விலை படுத்துப் போச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா, பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டல. பாதிக் காட்டைப் பறிக்காமலே விட்டுட்டேன். அந்த நேரத்துல பாப்பா, "அப்பா, பெரிய பையில ஜிப்பு நிக்கலப்பா, வேற வாங்கலாமா?"ன்னு கேட்டுச்சு. "அதெல்லாம் நான் பண்ணித் தர்றேன்"னு கட்டிங் பிளேயரை எடுத்து அமுக்கினேன். மறுநாள் திறந்துக்கிச்சு. இன்னொரு தடவை அமுக்கினேன். எப்பவும் நடுவுல ஒரே இடத்துலதான் பிளந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஆனா புரிஞ்சுக்கல. புரிஞ்சுக்க மனசில்லைன்னும் சொல்லலாம்.

பழனி பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறணும். மழை தூறிக்கிட்டிருந்துச்சு. பையைத் தூக்கித் தோள்ல போடுறேன், ஜிப்பு ஒரேயடியா விட்டுருச்சு. பிள்ளையோட துணிமணி எல்லாம் சேத்துல. உள்ள போட்டுக்குற துணி உட்பட. அத்தனை ஜனம் நின்னு பார்க்குது. சர்டிபிகேட் வச்ச கவர் தண்ணியில விழுந்து மார்க் ஷீட்டோட ஒரு மூலை நனைஞ்சு போச்சு. பாப்பா அழல. என்னைத் திட்டல. குனிஞ்சு ஒவ்வொன்னா பொறுக்கிச்சு. அந்த முகத்தை நிமிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரல.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துல செருப்புத் தைக்கிற அண்ணன் ஒருத்தர் குடைக்கடியில உக்காந்திருந்தார். பையை வாங்கி ஒரு தடவைதான் ஓட்டிப் பார்த்தார். "ரன்னரை எதுக்குண்ணே இப்படி நசுக்கி வச்சிருக்கீங்க? அது மேல தப்பே இல்ல. இங்க பல்லு போயிருக்கு பாருங்க"ன்னார். ஜிப்பு மாத்த நேரமில்ல, பஸ் கிளம்பப் போகுது. அதனால பையோட வாயையே மெழுகு நூலால தச்சு மூடிக் கொடுத்தார். இருபது ரூபாய் வாங்கினார். பாப்பா ஹாஸ்டல்ல போய் பிளேடால அறுத்துத் துணியை எடுத்துச்சாம்.

அடுத்த மாசம் அதே பையைக் கொண்டு வந்து அவர்கிட்டயே முழு ஜிப்பும் மாத்தினேன். 140 ரூபாய் ஆச்சு. அந்தக் காசு அன்னைக்கும் என் சட்டைப்பையில இருந்துச்சுங்க. புதுப்பை வாங்கத்தான் காசில்ல. ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு வழி இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம, வீட்டுலயே சரி பண்றேன்னு நின்னேன். ரிப்பேர் பண்றது நல்ல பழக்கம்தான். ஆனா எது ரிப்பேருக்கு நிக்கும், எது நிக்காதுன்னு ஒத்துக்கிறதும் அதுல சேர்த்திதான். இல்லாட்டி அதுக்குப் பேரு சிக்கனம் இல்ல.

திண்ணையில வச்ச மூணு பைக்கு வர்றேன். பள்ளிக்கூடப் பைக்கும் ரெக்சின் பைக்கும் ரன்னர் மாத்தியாச்சு, ரெண்டும் சேர்த்து முப்பது ரூபாய். பெரிய பைதான் பழனிக்குப் போன பை. இந்தத் தடவை துணிப்பட்டையே நைஞ்சு போச்சு, ஜிப்பு மாத்தினாலும் தையல் பிடிக்க இடமில்ல. வாரை மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டு, விதைப் பாக்கெட்டுப் போட்டு வைக்கப் பரண்ல ஏத்திட்டேன். எரிக்க மனசு வரல.

பாப்பா இப்ப வேலைக்குப் போகுது. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு நைட் டூட்டி முடிச்சு நேரா வந்து இறங்குச்சு. தோள்ல சொந்தச் சம்பளத்துல வாங்குன பை. இறக்கி வச்சுட்டு, "அப்பா, ரன்னரா பல்லான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குப் பொட்டு வைக்கப் போயிடுச்சு.

அஞ்சு தடவை ஓட்டிப் பார்த்தேன். பல்லுதான்.

"மாத்திடலாம் சாமி, நாளைக்கே போலாம்"னேன்.

ஜிப்பு போன பை உங்க பரண்லயும் கிடக்கும். எரிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு தடவை ஓட்டிப் பாருங்க. அடுத்த பதிவுல பார்க்கலாமுங்க.