இரைச்சலின் இருப்பிடம்

பிற மாநிலத்தில் வாழும் எங்கள் தாயாருக்கு, இரவில் மத்திய அலையில் மிதந்து வரும் தமிழ்க் குரலே ஊர்த்துணை. சில நாட்களாக அதனை ஓர் இரைச்சல் விழுங்கி வந்தது. பெட்டி பழையதாயிற்று என்றனர் பலர். நாங்கள் அதை நம்பவில்லை.

பாட்டரியில் இயங்கும் சிறு வானொலியைப் பாட விட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம், இரைச்சல் அடங்கிற்று. மீண்டும் மின்சாரம் விட்டு, கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்தோம். கைப்பேசியின் அடாப்டரைச் செருகியதும் கள்வன் அகப்பட்டான்.

பழைய அடாப்டரில் கனத்த மின்மாற்றி இருந்தது. இலேசான இக்காலத்து அடாப்டரோ மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அவ்வதிர்வின் மடங்குகள், 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலையிலும் வந்து விழுகின்றன. இணைப்புக் கம்பியே ஏரியலாகி அவற்றைப் பரப்புகிறது. தடுக்க வேண்டிய வடிகட்டி உறுப்புகளை மலிவான சரக்கில் விட்டுவிடுவதும் உண்டு.

கம்பியை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினோம், ஓரளவே தணிந்தது. ஆதலால் தாயார் வானொலி கேட்கும் வேளையில் அடாப்டரைக் கழற்றி வைப்பதென முடிவு செய்தோம். அன்பர்களும் பெட்டியைப் பழிக்குமுன் இச்சோதனையைச் செய்து பார்ப்பார்களாக. செலவு ஏதுமில்லை, சற்றுப் பொறுமை போதும்.